இரண்டாம் பாகத்தில் கிடைத்த அம்மா

கதைப் புத்தகம் வாசிக்கும் பழக்கம் என்னை விட்டுப் போய் இருபது வருடங்களுக்கு மேலாகிறது. சிறு வயதில் கோண்டாவிலில் இருந்தபோது, எங்கள் ஒழுங்கை முகப்பு வாசிகசாலைக்கு அம்புலிமாமா வந்தால் முதலில் எடுப்பவள் நானாகத்தான் இருப்பேன். பிறகு இடப்பெயர்வு, முகாம், வேலை, கல்யாணம், பிள்ளை என்று காலம் போய்விட்டது. கண்டிக்கு வந்து, பல்லேகலையில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் சில வருடங்கள் வேலை செய்து, பின்னர் கட்டுகஸ்தோட்டையில் வீட்டோடு தையல் தொழிலைத் தொடங்கியதன் பிறகு ஊசியையும் அளவு நாடாவையும் தவிர வேறொன்றைப் பார்க்க எனது கண்களுக்கு நேரம் கிடைத்ததில்லை.

அப்படிப்பட்ட நான் சென்ற தவணை விடுமுறையில் ஏறத்தாழ நானூறு பக்கங்கள் கொண்ட ஓர் ஆங்கில நாவலை, அதுவும் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட ஒரு நாவலை, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்து முடித்தேன். மூன்று கிழமைகள் எடுத்தன. அந்த மூன்று கிழமைகளில் எங்கள் வீட்டில் நடந்ததை இந்தப் பக்கங்களில் எழுத வேண்டும் என்று தோன்றியது. என்னைப் போன்ற பிள்ளைகளும், என் அம்மாவைப் போன்ற தாய்மாரும் இதை வாசிப்பவர்களிலே நிறையப் பேர் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

எனது மகளுக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தில் சில பாடங்களை ஆங்கில மொழிமூலம் படிக்கிறாள். அவளுடைய சிங்களத் தோழி ஒருத்தி "ஹங்கர் கேம்ஸ்" என்ற புத்தகத்தைக் கொடுத்திருந்தாள். எழுதியவர் அமெரிக்காவைச் சேர்ந்த சுசான் கொலின்ஸ் என்ற பெண்மணி. மகள் இரவிரவாக வாசித்தாள். நான் துணி வெட்டும்போது பக்கத்தில் இருந்து கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கதை வருங்காலத்தில் நடக்கிறது. பனெம் என்று ஒரு நாடு. தலைநகரில் சகல வசதிகளும் உண்டு. அதைச் சுற்றியுள்ள பன்னிரண்டு மாவட்டங்களும் தலைநகருக்காக உழைக்கின்றன. ஒரு காலத்தில் மாவட்டங்கள் கிளர்ந்தெழுந்து தோற்றுவிட்டன. அதற்குத் தண்டனையாக ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் 12 முதல் 18 வயது வரையுள்ள ஓர் ஆண் பிள்ளையையும் ஒரு பெண் பிள்ளையையும் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். அந்த 24 பிள்ளைகளையும் ஓர் இடத்தில் அடைத்து, ஒருவர் மிஞ்சும் வரை ஒருவரையொருவர் கொல்ல விடுவார்கள். நாடு முழுவதும் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தே ஆகவேண்டும்.

"இதென்ன கதை பிள்ளை, இதையா படிக்கிறாய்?" என்று முதலில் ஏசினேன்.

பிறகு அவள் ஒரு விடயம் சொன்னாள். வீட்டில் சாப்பாடு இல்லாத பிள்ளைகள் தங்கள் பெயரை மேலதிகமாக ஒரு தடவை சீட்டில் எழுதிப் போட்டால், ஒரு ஆளுக்கு ஒரு வருடத்துக்கு அரைகுறையாகப் போதுமான தானியமும் எண்ணெயும் கொடுப்பார்களாம். கதாநாயகி கட்னிஸ் என்ற பெண்பிள்ளை பன்னிரண்டு வயதிலிருந்தே அப்படி எழுதி எழுதி, பதினாறு வயதில் அவளுடைய பெயர் இருபது சீட்டுகளில் இருந்ததாம். அவளுடைய தகப்பன் நிலக்கரிச் சுரங்க வெடிப்பில் இறந்தபோது அவளுக்குப் பதினொரு வயது. தாய் அப்படியே உறைந்துபோய்ப் படுத்துவிட்டாள். சமைக்கவில்லை, பிள்ளைகளைப் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளைதான் காட்டில் கிழங்கும் கீரையும் பிடுங்கி, வேட்டையாடித் தங்கச்சியையும் தாயையும் காப்பாற்றினாள். தன் தாயை அவள் மன்னிக்கவே இல்லை.

எனது கையிலிருந்த கத்தரிக்கோல் நின்றுவிட்டது.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் எல்லோரும் நாவற்குழிப் பாலத்தால் நடந்ததை உங்களிற் பலர் அறிவீர்கள். பலர் நடந்திருப்பீர்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. தம்பிக்கு ஆறு. தென்மராட்சியில் சில மாதங்கள் இருந்து, கிளாலிக் கடலால் வன்னிக்குப் போனோம். 1996ஆம் ஆண்டு கிளிநொச்சியில் சண்டை நடந்தபோது அப்பா ஷெல் பட்டு இறந்தார். அவரை எரித்த மறுநாளே நாங்கள் மீண்டும் இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரம் போனோம். அங்கே ஒரு கொட்டில் போட்டுத் தந்தார்கள். அந்தக் கொட்டிலுக்குள் ஓலைப்பாயில் படுத்த அம்மா, பதினொரு மாதங்கள் எழும்பவில்லை.

நிவாரண அட்டையைக் கொண்டுபோய்ச் சங்கக்கடையில் வரிசையில் நின்றவள் நான். மாவும் பருப்பும் சீனியும் தூக்கி வந்தவள் நான். விறகு பொறுக்கியதும், பாலைப்பழக் காலத்தில் காட்டுக்குப் போனதும், குளத்தில் இறங்கித் தாமரைக்கிழங்கு கிண்டியதும் நான். அம்மாவுக்குச் சோறு தீத்தியதும் நான். தம்பிக்கு மலேரியாக் காய்ச்சல் வந்து உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டபோது, "அம்மா எழும்புங்கோ, தம்பியைப் பாருங்கோ" என்று உலுப்பினேன். அவ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தா. நான் தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு அக்கராயன் ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். வழியில் ஒரு சைக்கிள்காரர் ஏற்றிக்கொண்டு போனார். தம்பி பிழைத்துக்கொண்டான். ஆனால் அன்றைக்கு அம்மா திரும்பிப் படுத்ததை நான் மறக்கவில்லை.

அம்மா பிறகு எழும்பினா. ஒருநாள் காலை நான் கண்விழித்தபோது அவ விளக்குமாற்றை எடுத்து முற்றம் கூட்டிக்கொண்டிருந்தா. எப்படி எழும்பினா என்று நான் கேட்கவில்லை. 1998இல் வவுனியா நலன்புரி நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து பாஸ் எடுத்து, வருடக் கடைசியில் கண்டியிலிருந்த பெரியம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அந்த வருடம் ஜனவரியில்தான் தலதா மாளிகையில் குண்டு வெடித்திருந்தது. யாழ்ப்பாணத்துத் தமிழர் என்றால் வாடகைக்கு வீடு கிடைப்பதே கஷ்டம். பொலிஸ் பதிவும் வேண்டும். அந்த நாட்களில் அம்மா விடிய மூன்று மணிக்கு எழும்பி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துத்தான் எங்களை வளர்த்தா. தம்பியைப் படிப்பித்தா. அவன் இன்று கனடாவில் இருக்கிறான்.

இவ்வளவும் செய்தவவை நான் தண்டித்துக்கொண்டே இருந்தேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது தெரியாது. நேரத்துக்குச் சாப்பாடு கொடுப்பேன், கிளினிக்குக்குக் கூட்டிப்போவேன், பெருநாளுக்குச் சேலை வாங்கிக் கொடுப்பேன். ஆனால் மனம்விட்டு ஒரு சொல் கதைக்கமாட்டேன். தலை இழுத்துவிடவா பிள்ளை என்று கேட்டால், வேண்டாம் என்பேன். உழைக்கும் காசை அவவின் கையில் ஒருநாளும் கொடுத்ததில்லை. மகள் சிறுபிள்ளையாக இருந்தபோது ஒருநாள், "பிள்ளைக்குக் காயுது, கவனம்" என்று அம்மா சொன்னா. "உங்கட பிள்ளைக்குக் காய்ஞ்சபோது நீங்கள் கவனிச்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். அம்மா ஒன்றும் பேசாமல் குசினிக்குள் போய்விட்டா.

முதலாம் பாகத்தை வாசித்து முடித்த மகள் ஓரிரவு என்னிடம் வந்தாள்.

"அம்மா, கோவிக்காதேங்கோ. நீங்கள் அம்மம்மாவோட கதைக்கிறது, கட்னிஸ் தன்ர அம்மாவோட கதைக்கிற மாதிரியே இருக்கு."

கோபம் வந்தது. "உனக்கு என்ன தெரியும்?" என்றேன். உண்மையில் அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஸ்கந்தபுரத்துக் கதையை நான் அவளுக்குச் சொன்னதே இல்லை.

ஒரு கிழமை கழித்து, கண்டி நகரத்தில் பழைய புத்தகம் விற்கும் ஒரு கடையில் இரண்டாம் பாகம் இருப்பதாகச் சொன்னாள். நூல்கண்டும் சிப்பும் வாங்கப் போனபோது அவளையும் கூட்டிக்கொண்டு போய் வாங்கிக் கொடுத்தேன். அட்டை கிழிந்திருந்தது. அதன் பெயர் "கச்சிங் ஃபயர்". நெருப்புப் பற்றிக்கொள்ளல் என்று தமிழில் சொல்லலாம். இரண்டு நாட்களில் வாசித்து முடித்துவிட்டு, அதை எனது தையல் மெஷினுக்கு மேலே கொண்டுவந்து வைத்தாள். ஒரு பக்கத்தில் பஸ் டிக்கட்டைச் செருகியிருந்தாள். "இதை நான் சொல்லமாட்டன். நீங்களே வாசியுங்கோ" என்றாள்.

அப்படித்தான் வாசிக்கத் தொடங்கினேன். இரவு எல்லோரும் படுத்த பிறகு ஒவ்வொரு பந்தியாக, பென்சிலால் கோடிட்டுக்கொண்டு வாசித்தேன்.

இந்தப் பாகம் எதைப் பற்றியது தெரியுமா? தப்பி வந்ததற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதைப் பற்றியது. முதற் பாகத்தில் கட்னிஸ் போட்டியில் வென்று உயிரோடு வீடு திரும்புகிறாள். பெரிய வீடு கிடைக்கிறது, பணம் கிடைக்கிறது, பசி இல்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்று ஊர் நினைக்கிறது. ஆனால் அவளால் நித்திரை கொள்ள முடியவில்லை. கண்ணை மூடினால் இறந்த பிள்ளைகள் வருகிறார்கள். கத்திக்கொண்டு எழும்புகிறாள். பசி தீர்ந்த பிறகும் வேட்டைக்குப் போகிறாள், காட்டில்தான் அவளுக்கு மூச்சு வருகிறது.

"சண்டைதான் முடிஞ்சுதே, இன்னும் ஏன் பழசை நினைக்கிறியள்?" என்று எங்களிடம் எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்! எசல பெரஹரா காலத்தில் ஊர்வலம் புறப்படுமுன் பீரங்கி வெடிக்கும். கண்டியில் எல்லோருக்கும் அது கொண்டாட்டம். அம்மா இன்றும் அந்தச் சத்தத்துக்குக் கட்டிலுக்கடியில் குனிகிறா. இங்கு வந்து இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாகிவிட்டது.

மகள் டிக்கட் செருகியிருந்த பக்கம் புத்தகத்தின் முற்பகுதியிலேயே வந்தது. பெரிய சம்பவம் எதுவும் அதில் இல்லை. கட்னிஸ் தனது தாயைப் பற்றி நினைக்கும் ஒரு சிறிய பந்தி, அவ்வளவுதான். தான் இப்போது தாயோடு உறவைச் சீர்செய்ய முயல்வதாக அவள் சொல்கிறாள். தாய் ஏதாவது செய்ய வந்தால் தட்டிக்கழிக்காமல் விடுகிறாள். வென்ற பணத்தைத் தாயின் பொறுப்பில் கொடுத்திருக்கிறாள். தாய் அணைத்தால் தானும் அணைக்கிறாள். அந்தப் போட்டிக்குள் போய்வந்த பிறகுதான் அவளுக்கு விளங்கியதாம், தாய் தன்னால் தடுக்க முடியாத ஒன்றுக்காகவே இத்தனை வருடமும் தண்டிக்கப்பட்டிருக்கிறாள் என்று. சில மனிதருக்குச் சில துன்பங்கள் வரும்போது அதைத் தாங்கும் பலம் அவர்களிடம் இருப்பதில்லை என்ற கருத்தில் அந்தப் பந்தி முடிகிறது.

அதில் வந்த சில ஆங்கிலச் சொற்களுக்கு அகராதி பார்த்தேன். ஒரு சொல்லுக்கு "மனச்சோர்வு" என்று போட்டிருந்தது. மனச்சோர்வு என்ற சொல் எனக்குப் புதிதல்ல. மகளிர் அமைப்புக் கூட்டங்களில் உளவளத்துணையாளர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் எங்கள் சமூகத்தின் மனவடுக்களைப் பற்றி நூல்களே எழுதியிருக்கிறார். கூட்டங்களில் நானும் தலையாட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன். அது என் அம்மாவுக்கும் வந்த வருத்தம் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை. அவவுக்கு மலேரியா வந்து பதினொரு மாதம் படுத்திருந்தால் நான் கோபித்திருப்பேனா?

அந்த இரவு அதற்குமேல் வாசிக்க முடியவில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் பக்கத்து அறையில் அம்மா மூச்சுவிடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

மறுநாளிலிருந்து ஒரு புதிய பழக்கம் தொடங்கியது. பின்னேரம் நான் பொத்தான் தைக்கும்போது அம்மா பக்கத்தில் இருந்து அரிசி கொழிப்பா. அந்த நேரத்தில் இரவு வாசித்ததை அவவுக்குத் தமிழில் சொன்னேன். முதல்நாள் எனக்கே கூச்சமாக இருந்தது. ஏன் சொல்கிறேன் என்று அம்மாவும் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டு இருந்தா.

பதினோராம் மாவட்டத்தின் கதையைச் சொன்னேன். அது விவசாய மாவட்டம். ரூ என்ற சின்னப் பெண் அங்கிருந்து போய்ப் போட்டியில் இறந்தவள். அவளைக் கட்னிஸ் பரிவோடு நடத்தினாள் என்பதற்காக, சாப்பாட்டுக்கே வழியில்லாத அந்த மக்கள் காசு சேர்த்து அவளுக்குப் பாண் அனுப்பியிருந்தார்கள். இரண்டாம் பாகத்தில் அவள் அந்த ஊருக்கே போய் நன்றி சொல்கிறாள். கூட்டத்தில் ஒரு கிழவர் ரூ பாடும் மெட்டைச் சீழ்க்கையடிக்கிறார். எல்லோரும் மூன்று விரல்களை உயர்த்தி மரியாதை செய்கிறார்கள். உடனே அந்தக் கிழவரைச் சுட்டுவிடுகிறார்கள். "ஐயோ" என்று அம்மா சுளகைக் கீழே வைத்தா. அந்த மூன்று விரல் அடையாளத்தைத் தாய்லாந்தில் 2014இல் இராணுவ ஆட்சியை எதிர்த்த மாணவர்கள் காட்டிக் கைதானதையும், 2021இல் மியன்மார் மக்கள் தெருக்களில் உயர்த்தியதையும் மகள் சொன்னாள். "கதையெண்டு நினைச்சன், உண்மையாகவும் நடக்குதோ?" என்று அம்மா கேட்டா.

துணி நெய்யும் எட்டாம் மாவட்டத்தில் கிளர்ச்சி வருவதையும், அங்கிருந்து ஓர் ஆசிரியையும் அவளுடைய மாணவியும் பனிக்குள் கால்நடையாகத் தப்பி வருவதையும் சொன்னேன். தையல்காரி என்பதால் எனக்குப் பிடித்தவன் சின்னா. கட்னிஸுக்கு உடுப்புத் தைப்பவன். தலைநகரம் கட்டளையிட்ட கல்யாண உடுப்பை அவள் போட்டுச் சுழலும்போது அது எரிந்து கருகி, உள்ளிருந்து கிளர்ச்சியின் சின்னமான பறவையின் உடுப்பு வெளிப்படுகிறது. அதற்காக அவளுடைய கண்முன்னாலேயே அவனை அடிக்கிறார்கள். ஓர் உடுப்பினால் இவ்வளவு சொல்ல முடியுமா என்று எனது மெஷினைப் பார்த்தேன்.

எழுபத்தைந்தாம் வருடப் போட்டிக்கு, முன்னர் வென்று தப்பியவர்களிலிருந்தே ஆட்களை எடுப்போம் என்று அறிவிக்கிறார்கள். பன்னிரண்டாம் மாவட்டத்தில் வென்றவர்களில் உயிரோடு இருக்கும் ஒரே பெண் கட்னிஸ்தான். தப்பி வந்தவளை அதே இடத்துக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். தாயிடம் போய்வருகிறேன் என்று சொல்லக்கூட விடவில்லை. இதைச் சொன்னபோது அம்மா நீண்ட நேரம் பேசவில்லை. "எங்களையும் எத்தனை தரம்" என்று மட்டும் சொன்னா. கோண்டாவிலிலிருந்து, தென்மராட்சியிலிருந்து, கிளிநொச்சியிலிருந்து என்று நான் மனதுக்குள் எண்ணினேன்.

இந்தக் கதையில் ஒரு பகுதியை மட்டும் அம்மாவுக்குச் சொல்லாமல் விட்டேன். போட்டி நடக்கும் காட்டில் ஒருவகைப் பறவைகள் வருகின்றன. அவை கட்னிஸின் தங்கச்சி அலறும் குரலில் கத்துகின்றன. பறவைதான் என்று தெரிந்தும் அவளால் ஓடாமல் இருக்க முடியவில்லை. அந்தப் பக்கங்களை வாசித்துவிட்டு நானே எழும்பி வெளியில் போய் நின்றேன். கீழே மகாவலி ஓடும் சத்தம் கேட்டது. அதைக் கேட்டபடி கொஞ்ச நேரம் நின்ற பிறகுதான் மனம் அமைதியானது.

புத்தகத்தின் முன்பக்கத்தில் அது வெளிவந்த ஆண்டு இருந்தது. 2009. மகள் தேடிச் சொன்னாள்: முதற் பாகம் 2008 செப்டெம்பரில், இரண்டாம் பாகம் 2009 செப்டெம்பரில் அமெரிக்காவில் வெளியாகின. 2008 செப்டெம்பரில்தான் ஐக்கிய நாடுகள் சபையின் பணியாளர்கள், போகவேண்டாம் என்று சனம் மறித்துக் கெஞ்சக் கெஞ்ச, கிளிநொச்சியை விட்டு வெளியேறினார்கள். 2009 செப்டெம்பரில் எங்கள் சித்தி செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் முட்கம்பிக்கு உள்ளே இருந்தா. அந்த வருடம் வன்னியிலிருந்து வந்து முகாம்களில் அடைக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 2,80,000 பேர். அதற்கு முந்திய வருடங்களில் சித்தி தன்னுடைய மகளை "வீட்டுக்கொருவர்" என்று இயக்கம் பிடித்துக்கொண்டு போகாமல் பதுங்குகுழிக்குள் ஒளித்து வைத்திருந்தவ. சீட்டுக் குலுக்கிப் பிள்ளைகளை எடுக்கும் கதையை ஒருவர் கற்பனையாக எழுதி, உலகம் முழுவதும் பிள்ளைகள் அதை ஆவலோடு வாசித்துக்கொண்டிருந்த அதே மாதங்கள்தான் அவை.

இதை வாசித்து எழுத்தாளர்மீது கோபிக்க முடியவில்லை. அவருடைய தகப்பன் அமெரிக்க விமானப்படையில் இருந்தவராம். அவர் வியட்நாம் யுத்தத்துக்குப் போனபோது சுசான் கொலின்ஸுக்கு ஆறு வயது. தொலைக்காட்சியில் ஒரு பக்கம் இளைஞர்கள் போட்டியிடும் நிகழ்ச்சியும் இன்னொரு பக்கம் ஈராக் யுத்தக் காட்சிகளும் மாறிமாறி வந்தபோதுதான் இந்தக் கதைக்கான எண்ணம் தோன்றியதாகச் சொல்லியிருக்கிறார். தகப்பன் வருவாரா என்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளைதான் இதை எழுதியிருக்கிறது.

எனக்குப் புத்தகத்தோடு ஒரு வழக்கும் உண்டு. கதையில் ஒரு துணிச்சலான பெண்பிள்ளை இருக்கிறாள், எல்லோரும் அவளைப் பார்க்கிறார்கள். எங்கள் கொட்டில் வரிசையில் அப்படிப்பட்ட பெண்பிள்ளைகள் நாற்பது பேராவது இருந்திருப்போம். ஒருவரும் பார்க்கவில்லை. தவிர, கஷ்டம் வந்தால் பிள்ளை பலசாலியாகும் என்று வாசிப்பவர்கள் நினைத்துவிடவும் கூடும். நான் பலசாலியாகவில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. மனதும் இறுகிப் போனது.

இனி நான் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறேன்.

கட்னிஸின் நண்பன் கேல் என்பவனைச் சவுக்கால் அடித்து முதுகைக் கிழித்துவிட்டார்கள். அவனைத் தூக்கிக்கொண்டு வந்து அவளுடைய வீட்டுச் சமையலறை மேசையில் கிடத்துகிறார்கள். அந்தத் தாய்தான் கை நடுங்காமல் புண்ணைக் கழுவி மருந்து கட்டுகிறாள். அந்த ஊருக்கே அவள்தான் வைத்தியம் பார்ப்பவள். இதைச் சொல்வதற்காக அன்று நான் கதையின் தொடக்கத்துக்குப் போனேன். தகப்பன் இறந்தபோது அந்தத் தாய் படுத்த படுக்கையாகிப் பிள்ளைகளைப் பார்க்காமல் இருந்ததை அதுவரை நான் அம்மாவுக்குச் சொல்லியிருக்கவில்லை. வேண்டுமென்றே விட்டிருந்தேன். அன்று சொன்னேன். ஊசியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அம்மா அரிசியைக் கொழிக்காமல் வைத்துக்கொண்டு கேட்டா:

"அந்தத் தாய் பிறகு எழும்பினவளோ?"

"எழும்பினவ அம்மா. எழும்பித்தான் இப்ப எல்லாரையும் பாக்கிறா."

"பிள்ளையள் என்ன சொன்னவை?"

"மூத்தவ கனகாலம் கோபமா இருந்தவ. இந்தப் பாகத்திலதான் அந்தக் கோபத்தை விடுறா."

அம்மா சுளகிலிருந்து ஒவ்வொரு கல்லாகப் பொறுக்கினா. பிறகு, என்னைப் பாராமலே சொன்னா:

"நீ எனக்குச் சோறு தீத்தினது எனக்குத் தெரியும். தம்பி காய்ச்சலில கத்தினதும் கேட்டது. எழும்பவேணும் எண்டு நினைப்பன். கை கால் என்ர சொல்லுக் கேக்காது. வாயும் வராது. சுவர்ப் பக்கம் திரும்பினது, நீ என்ர முகத்தைப் பாக்கக்கூடாது எண்டு."

இருபத்தெட்டு வருடங்களுக்கு மேலாக அந்த ஒரு திரும்பிப் படுத்தலை வைத்துத்தான் நான் வழக்குப் பேசிக்கொண்டிருந்தேன். அதற்கு இப்படி ஒரு பதில் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. கேட்டிருந்தால் அம்மா எப்போதோ சொல்லியிருப்பா. நான் கேட்கவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் அழுதோம். கட்டிப்பிடித்து அழவில்லை, அவரவர் இடத்தில் இருந்துதான் அழுதோம். மகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல உள்ளே போய்விட்டாள். அன்றிரவு அவளுக்கும் ஸ்கந்தபுரத்துக் கதையைச் சொன்னேன்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். இன்னும் சிலவேளைகளில் வாயில் பழைய சூடு வந்துவிடுகிறது. ஆனால் இப்போது கிழமை முடிவில் தையற்காசை அம்மாவிடம் கொடுக்கிறேன். அவ ஒரு கொப்பியில் வரவு செலவு எழுதுகிறா. மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கையெழுத்துப் போல இருக்கிறது, கணக்கோ சதம் பிசகாது. ஞாயிற்றுக்கிழமைகளில் முழுகிய பிறகு தலை இழுத்துவிடவா என்று கேட்டால், முன்னால் போய் இருந்துகொள்கிறேன். எனக்கு நரை வந்துவிட்டதென்று அவவுக்குக் கவலை.

சகோதரிகளே, உங்களில் சிலர் அந்தப் பிள்ளையாக இருந்திருப்பீர்கள். சிலர் அந்தத் தாயாக இருந்திருப்பீர்கள். 2009க்குப் பிறகு கணவனையோ பிள்ளையையோ தேடித்தேடி அப்படிப் படுத்தவர்கள் எத்தனையோ பேர். நம்மிடையே அவர்களைச் "சோம்பேறி", "பைத்தியம்", "தாய்ப் பாசம் இல்லாதவள்" என்றெல்லாம் சொல்லிவிடுகிறோம். அது வருத்தம். மருந்துண்டு, உளவளத்துணை உண்டு. பெரிய ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவகத்தின் உதவிச் சேவை கிடைக்கும். ஸ்கந்தபுரத்தில் எங்களுக்கு இவை எதுவும் இருக்கவில்லை. இன்று இருக்கின்றன. வீட்டில் யாராவது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தால், அவவை உலுப்பியதோடு விட்டுவிடாமல் யாரிடமாவது கூட்டிப்போங்கள். அவவுக்குப் பதிலாகச் சட்டி பானையைத் தூக்கும் பிள்ளையையும் ஒருதரம் கூப்பிட்டுச் சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.

இரண்டாம் பாகம் நல்லபடியாக முடிவதில்லை. கடைசிப் பக்கத்தில் கட்னிஸின் ஊரே குண்டு போட்டு அழிக்கப்பட்டுவிட்டது என்று தெரிகிறது. தாயும் தங்கச்சியும் தப்பிவிட்டார்கள். மூன்றாம் பாகத்தை மகள் வாசித்துவிட்டாள். முடிவு கடுமையானதாம். "அம்மம்மாவுக்குச் சொல்லாதேங்கோ" என்று என்னை எச்சரித்திருக்கிறாள்.

ஆனால் நேற்றுப் பின்னேரமும் அம்மா சுளகோடு வந்து பக்கத்தில் இருந்தா.

"அடுத்த பாகம் வாங்கியாச்சோ?" என்று கேட்டா.

"அது கொஞ்சம் கவலையாப் போகுமாம் அம்மா."

"பரவாயில்லை, சொல்லு" என்றா.

இந்தக் கிழமை நூல் வாங்க ரவுணுக்குப் போகும்போது அந்தக் கடையில் விசாரிக்க வேண்டும்.